சிரிக்காத பன்றித் தலை

டேஜான்

அன்பு மகள் ஹேரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், நீ எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். நார்வேயிலும் முட்டைக்கோஸ் விற்கிறார்கள், கிம்ச்சி போட்டுக்கொள்ள என்ன கேடு, சோம்பல்தானே.

அப்பா ஆய்வகத்தில் செய்த மெத்தனால் வண்டியின் கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். அமைச்சகக் குழுவின் முன்னால் அது ஓடினால் ஆய்வகத்துக்கு இன்னொரு வருடம், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், அப்பா வீட்டில் உட்கார்ந்து என் சமையலுக்கு யோசனை சொல்வார், எங்கள் இருவருக்குமே அது ஆபத்து. நம் ஊரில் புது இயந்திரத்தைப் பன்றித் தலை படைக்காமல் ஓட்ட முடியுமா, முனைவர்கள் அத்தனை பேரும் வரிசையாக விழுந்து கும்பிட்டு அதன் வாயில் பணக்கவர் செருகினார்கள். அப்பா தரையில் நெற்றி பதித்திருந்த நேரம் பார்த்து, துணை இயக்குநர் பியோன் அரிசிக் கள்ளைத் தரையில் தெளிப்பதற்குப் பதிலாக எரிபொருள் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார், பாவம் அதுக்கும் ஒரு வாய் வேணாமா என்றாராம்.

வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அப்பா குழுவுக்குப் பொறுமையாக விளக்கினார். மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன், வண்டித் தகடுகளில் உள்ள பிளாட்டினம் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிய்த்து மின்சாரம் தரும், மிஞ்சும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும், பக்கத்திலிருக்கும் ருத்தேனியம் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக் கொடுத்து அதைக் கிளப்பிவிடும், கள்ளிலோ இரண்டு கார்பன் கைகோத்து நிற்கின்றன, அவற்றைப் பிரிக்க பிளாட்டினத்தால் எளிதில் ஆகாது, போதாததற்குக் கள்ளின் வண்டல் வேறு என்றார். குழுத் தலைவர் எல்லாம் கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், தலை சிரிச்சுதா என்றார். படைக்கும் தலை சிரித்தால்தானே ராசி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம், அதற்கு வரி நோட்டீஸ் வந்த மாதிரி முகம். நான் அப்பவே நினைச்சேன் என்றார் பியோன். சிரிக்கும் தலையோடு இன்னொரு வாய்ப்பு என்று தீர்மானமாயிற்று.

சந்தையில் அப்பா ஒவ்வொரு தலையாகக் குனிந்து பார்த்ததில் கடைக்காரி பொறுமையிழந்து, என்னங்க ஐயா, கறி வாங்க வந்தீங்களா பொண்ணு பாக்க வந்தீங்களா என்றாள். கடைசியில் நல்ல சிரிப்பாகவே ஒன்று கிடைத்தது. அப்பா தொட்டியைக் கழுவி, புதுத் தகடுகள் மாட்டி, படையல் முடியும்வரை தொட்டி மூடியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடியது, ஆய்வகம் பிழைத்தது.

இப்போது சிரிப்புதான் காரணம் என்று பியோன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அப்பாவுக்கு ஆத்திரம். சுத்தமான மெத்தனால், சிரிக்காத தலை, இப்படி ஒரு சோதனை செய்தால் அவன் வாய் அடங்கும் என்றார். செய்யுங்களேன், யார் தடுத்தது என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒருவேளை வண்டி நின்னுடுச்சுன்னா என்கிறார்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியிலேயே வைத்துவிடாமல் போட்டுக்கொள்.

உன் அம்மா,
கும்-ஓக்