எதிர்க்கடையிலிருந்து வந்த போன்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று மதியம் கோவிலம்பாக்கத்தில் என் மருந்துக்கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்து வலி மாத்திரை கேட்டாள். அதைப் பிள்ளைகள் போதைக்காக வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தருவதில்லை என்று எங்கள் ரோட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் போன மாதம்தான் பேசி முடிவெடுத்தோம். நான் இல்லை என்றேன். "எதிர்க் கடைல வாங்கிக்கிறேன்" என்று கோபமாகப் போனாள்.

எதிர்க்கடை முருகேசனும் நானும் தொழில் போட்டியில் நேருக்கு நேர் பேசியே வருடக்கணக்காகிறது. அவர் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் அவரே போன் செய்தார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு நானும் இல்லன்னுட்டேன். அழுதுகினு உக்காந்துகினு கீது, கையெல்லாம் நடுங்குது. கொஞ்சம் வர்றீங்களா?"

ஓடினேன். தண்ணீர் கொடுத்து, மெதுவாகப் பேசி, அவளுடைய அக்காவை வரவழைத்தோம். நாளைக் காலையில் அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வர அந்தப் பெண் சம்மதித்தாள். "நீங்களும் வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையை யார் திறப்பது என்று யோசித்தேன். "போய்ட்டு வாங்க மேடம். உங்க கஸ்டமர நான் பாத்துக்கறேன்" என்றார் முருகேசன். "திருப்பியும் குடுத்துடறேன்" என்று சிரித்தார்.

முதுகுவலி என்று அவள் சொன்னதை நம்பி, முன்பு இரண்டு முறை நானே மாத்திரை கொடுத்திருக்கிறேன். இன்று அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாளை பஸ்ஸில் ஏறியதும் முதலில் அதை அவளுடைய அக்காவிடம் சொல்லிவிட வேண்டும்.