பெரட்டுப் பாட்டுக்கு ஒரு நிமிட மௌனம்

தெமோதரைத் தோட்டம்
6.2.1978

அன்பு மச்சான் ஜாபிருக்கு மாடசாமி எழுதுவது.

மழையும் அட்டையும் தவிர இங்கே வேறு குறையில்லை. கொழும்புக்குப் போனதும் எலக்ட்ரிக் கிட்டார்க்காரருக்கு எங்கள் விலாசம் மறந்துவிட்டதாக்கும்.

நேற்று பதுளைத் தேநீர்க்கடை ரேடியோவில் நம்முடைய ‘பெரட்டு’ பாட்டைக் கேட்டேன். வேலைக்குப் பேர் கொடுக்க விடிகாலைப் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட நான் அடிக்கும் தப்பு, நீ டேப்பில் பிடித்துப் போனது, அப்படியே இருக்கிறது. அதன்மேல் உன் கிட்டார், தேயிலைக் கொழுந்து லொறி மேடு ஏறுகிற மாதிரி உறுமுகிறது. தப்புக்குச் சூடு காட்ட வைக்கோல் கொளுத்தி, உன் வாப்பா கடைச் சீத்தைத் துணியைக் கருக்கினோமே, அன்று பிறந்த பாட்டல்லவா!

ஆனால் உன் பெயரை மட்டும்தான் சொன்னார்கள். “நீங்க அடிச்சதுன்னா உங்க பேரையுமில்ல சொல்லியிருப்பாங்க?” என்கிறாள் என் வீட்டுக்காரி இராக்கம்மா. என் பெயரையும் சொல்லச் சொல், மச்சான்.

உன்
மாடசாமி

கொழும்பு
27.2.1978

உயிர் மச்சான் மாடசாமிக்கு,

ரேடியோக்காரர்கள் அவசரத்தில் விட்டுவிட்டார்கள். கோபிக்காதே. எங்கள் இசைக்குழு பதுளைக்கு வரும் நாளில் உன்னை மேடையேற்றி, “இவன்ட தப்புதான் இது” என்று ஊரறியச் சொல்வேன். இது என் வாக்கு. தங்கச்சி இராக்கம்மாவுக்கும் சொல்.

உன்
ஜாபிர்

தெமோதரைத் தோட்டம்
8.6.1980

ஜாபிருக்கு,

பதுளைக்கு வருவதை நீ அறிவிக்காவிட்டாலும் சுவரொட்டி அறிவித்தது. நேற்றுப் பின்னேரம் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, இராக்கம்மாவுடன் பதுளை மண்டபத்துக்கு வந்தேன்.

கடைசியாகப் ‘பெரட்டு’. “இந்தத் தப்ப எனக்குத் தந்தவன் மாடசாமி” என்றாய். நான் எழுந்தே விட்டேன். “அவன் இப்ப நம்மளோட இல்ல. மண்சரிவுல போயிட்டான். அவனுக்காக ஒரு நிமிஷம் எழும்பி நில்லுங்க” என்றாய்.

மண்டபமே எழுந்தது. எனக்காக நானும் நின்றேன். இராக்கம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அத்தனை பேரும் என் தப்புக்கு ஆடினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிகிறது. ஏன்டா அப்படிச் சொன்னாய்?

மாடசாமி

கொழும்பு
19.6.1980

மச்சான்,

நீ வந்திருந்தது சத்தியமாகத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் கண்டியில் வாய்க்கு வந்த கதை அது. சனம் அழுதது. போகிற ஊரெல்லாம் அதையே எதிர்பார்க்கிறார்கள். அந்த மௌனம் இல்லாமல் இப்போது பாட்டே எடுபடுவதில்லை.

அடுத்த மாதம் பண்டாரவளையில் கச்சேரி. பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் வந்துவிடாதே, யாரிடமும் வாய் திறக்காதே. உன்னைக் கௌரவித்துத்தானே சொல்கிறேன்?

உன்
ஜாபிர்

தெமோதரைத் தோட்டம்
27.6.1980

ஜாபிருக்கு,

பயப்படாதே, பண்டாரவளைக்கு வரமாட்டேன்.

ரேடியோவில் பெயர் விட்டுப்போனதை மறந்திருப்பேன். என்னைச் சாகடித்துவிட்டு, கிடந்த இடத்திலேயே கிட என்கிறாயே, அதை எப்படியடா மறப்பேன்? உன்னை நம்பினேனே.

எங்கள் லயத்து வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், பேச்சுவார்த்தை இல்லாதவன்கூடத் துக்கம் கேட்க வருவான். இரண்டு வருடமாக ஊர் ஊராக என் சாவைச் சொன்னாய். என் வீட்டுக்கு ஒரு தடவையாவது வந்தாயா?

இனிமேலாவது வா. இராக்கம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பாய் போடுவாள். அவள் எதிரில் உட்கார்ந்து, புருஷன் போனதற்குத் துக்கம் கேட்டுவிட்டுப் போ. நான் உள் காம்பராவில்தான் இருப்பேன். வெளியே வரமாட்டேன்.

மாடசாமி