தியேசேலின் காந்தல்

அக்டோபர் 6, திங்கள்

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் தியேசேல் காந்தல் வேண்டாம் என்றுவிட்டார். பீன்ஸ் சோற்றின் அடியில் எண்ணெய் இறங்கி மொறுமொறுவென்று பிடித்திருந்தது. என் சோற்றுக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தட்டை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது அவருக்குத்தான், ஜக்மெல் சந்தைக்கே தெரியும். பசியில்லை என்றார். ஆறடி ஆளுக்குப் பசியில்லையாம்.

அக்டோபர் 8, புதன்

மீன்காரி ரோஸ்மேன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். பஸ் நிலையத்தில் இம்மாக்குலாவின் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறானாம் என் புருஷன். இம்மாக்குலா விதவை. அவள் சமைப்பது என்ன? சோளரவைக் களி, மேலே பீன்ஸ் குழம்பு. என் சோற்றை விட்டுவிட்டு அங்கே போகிறவன் களிக்காகவா போவான்?

அக்டோபர் 9, வியாழன்

அவனோடு பேசவில்லை. ஊறுகாய்க்கு மிளகாய் நறுக்கியதில் கை எரிகிறது. வயிறும்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

இம்மாக்குலா கடைக்கே போய்விட்டேன், சோற்றுக் கரண்டியோடு. மூலையில் களிக் கிண்ணத்தோடு இவன். நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இம்மாக்குலா அடுப்பை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"கத்தாதேக்கா. உன் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டும் சொத்தை. கடிக்க முடியல. உன்கிட்ட சொல்ல பயமாம்."

இவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொன்னா பிடுங்கறதுக்கு இழுத்துட்டுப் போவே. காந்தல் வேண்டாம்னாலும் சந்தையில உன் மானம் போச்சும்பே. நான் என்ன பண்றது, யோலெத்?"

அவளிடம் சொல்லத் தெரிந்திருக்கிறதே! ஒரே படுக்கையில் படுக்கிறவளுக்குத் தெரியாத பல்வலி களிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எதற்காவது போயிருந்தால் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருப்பேன். இதை என்னவென்று திட்டுவது? அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று பிடுங்கியாகிவிட்டது. இழுத்துக்கொண்டுதான் போனேன்.

இன்று களி கிண்டினேன், நண்டு போட்டு. இம்மாக்குலா கனவிலும் அப்படிக் கிண்டியிருக்க மாட்டாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

எனக்குக் கருங்காளான் சோறு ஆக்கிக்கொண்டேன். அடியைச் சுரண்டி, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, காந்தல் முழுவதையும் கடித்துத் தின்றேன். என் வாயில் அது போனது இதுதான் முதல் தடவை.

இவ்வளவு ருசியானதையா இத்தனை வருஷமும் இந்த மனுஷனுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.