படத்தில் வராத கோடு

செவ்வாய்க்கிழமை

எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் எந்தச் சேர்வர் எதை நம்பி ஓடுகிறது என்பது ஏழு வருடமாக என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வந்து மூன்று மாதமான தர்ஷினி இன்று ஒரேயொரு கட்டளையைத் தட்டினாள். அது ஒவ்வொரு சேர்வரின் அமைப்பு விபரமும் உள்ள கொன்ஃபிக் கோப்புகளையெல்லாம் வாசித்து, பெட்டியும் அம்புக்குறியுமாகத் திரை முழுக்கப் படம் வரைந்துவிட்டது.

மனேஜர் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இவ்வளவு நாளும் நீங்கள் ஏன் இப்பிடி ஒண்டு காட்டேல்லை?" என்று என்னைக் கேட்டார். நான் படத்தில் பிழை தேடினேன்.

பழைய சேர்வர் ஒன்றின் பெட்டி மட்டும் அம்பு எதுவுமில்லாமல் மூலையில் நின்றது.

"அண்ணா, இதை நம்பி ஒண்டும் இல்லையே. நாளைக்குப் பத்து மணிக்கு அழிச்சுவிடட்டோ?"

"ஓம்" என்றேன்.

களஞ்சிய வாசலில் லொறி நிறுக்கும் தராசு அதை நம்பித்தான் ஓடுகிறது. நான் கையால் தொடுத்தது. கோப்பில் எழுதவில்லை, அதனால் படத்திலும் வரவில்லை.

சொல்லாமல் விடமாட்டேன். இப்போதே அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். போடப்போவதில்லை. ஒன்பதே முக்காலுக்குச் சொல்வேன். மனேஜர் அப்போதுதான் வருவார்.