கடைசி வார்த்தைக்கு இங்கிலீஷ் இல்லை

இர்பித்,
ஜோர்டான்,
அக்டோபர் கடைசி.

அன்புத் தம்பி கஸ்வானுக்கு, அக்கா விஸால் எழுதுவது. உன்மேல் அமைதியும் இறைவனின் கருணையும் இறங்கட்டும். நானும் உன் மகள் லயானும் சுகம். அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிக்கா, சரிக்கா, சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். எதிர்வீட்டு அபூ கஸ்ஸானின் மகள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து வருகிறாள். அவள் பெட்டியில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் ஸாத்தர் பொடியையும் வைத்து அனுப்புகிறேன். பொடி ஈரம் படாமல் வைத்துக்கொள்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அவ என்னை மாதிரி ஊமையா வந்து நிக்கக் கூடாதுக்கா. பேசத் தெரியாம நான் பட்டது போதும்" என்று சொன்னாயே, அன்றைக்கே லயானுக்கு இங்கிலீஷ் தொடங்கிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்பதுதான் கதை.

நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் மிஸ் இப்திஸாம் பெரிய திரை ஒன்று வாங்கி மாட்டினாள். அதில் வெள்ளைக்காரப் பாட்டுகள் ஓடும், ஒரு மாடு ஆடும். பிள்ளைகள் மாட்டைப் பார்த்தார்களே தவிர ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. யஸன் என்று ஒரு பையன் தன் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கியே போனான். எனக்கு எரிச்சல். திரையை நிறுத்திவிட்டு, தொட்டிலில் கேட்ட நம்முடைய பாட்டுகளையே எடுத்தேன். பாட்டு அப்படியே இருக்கும். ஒரே ஒரு வார்த்தையை உருவிவிட்டு அந்த இடத்தில் இங்கிலீஷ் வார்த்தையை வைப்பேன். அடுத்த வாரம் இன்னொன்று. சின்னப் பிள்ளைக்கு மாத்திரையை லப்னேத் தயிரில் ஒளித்து ஊட்டுவோமே, அதுமாதிரிதான். மெட்டு பழக்கமானது என்பதால் நாக்கு தானாகவே போய் அந்தப் புது வார்த்தையில் விழுந்துவிடுகிறது.

ஒரு மாதம் கழித்து யஸனின் அப்பா சண்டைக்கு வந்தார். "இங்கிலீஷ் வரும்னுதானே சேர்த்தேன்? இவன் என்னடான்னா எங்கம்மா அடுப்படியில பாடின பாட்டைப் பாடிக்கிட்டுத் திரியறான். இதை நான் வீட்லயே சும்மா கேப்பேனே" என்று வாசலில் நின்று கத்தினார். நான் யஸனைக் கூப்பிட்டு அவர் கையில் இருந்த பையைக் காட்டினேன். அவன் பாட்டைப் பாடிக்கொண்டே பிரெட், சீஸ், எக் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். மனிதர் முட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மிஸ் இப்திஸாம் அது தன்னுடைய முறை என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். சிரியாக்காரி என்பதால் சம்பளப் பதிவில்தான் என் பெயர் கிடையாது, புகழில் மட்டும் எதற்கு?

லயானுக்குப் பள்ளிக்கூடத்து வேகம் போதாது. அவளை அங்கே அழைத்துக்கொள்ள நீ போட்ட விண்ணப்பம் எப்போது வேண்டுமானாலும் பாஸாகிவிடும் என்று நீதான் அவசரப்படுத்துகிறாய். அதனால் அவளுக்கு உயிரான பாட்டையே எடுத்தேன். அது நிஸ்ரீனின் பாட்டு. உன் மனைவி அதைப் பாடி நீ கேட்டிருக்க மாட்டாய். நீ படகேறிய பிறகு, இந்த வீட்டில், பிள்ளை தூங்காமல் படுத்திய காலத்தில் அவளே கட்டிய பாட்டு.

கதவு தூங்கிருச்சு, கோழி தூங்கிருச்சு,
அடுப்புமேல பானை தூங்கிருச்சு,
நிலாவுக்கு மட்டும் தூக்கம் வரல,
நீ தூங்கு, அம்மா, நீ தூங்கு.

அவ்வளவுதான். பெரிய பாட்டு ஒன்றுமில்லை. ஆனால் நிஸ்ரீன் இறந்துபோனபோது இந்தப் பிள்ளைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முகம் நினைவில்லை என்று அவளே சொல்கிறாள். அவளுக்கென்று அம்மா விட்டுப்போனது இந்தப் பாட்டு ஒன்றுதான். நிஸ்ரீன் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம் வீடுகளில் பிள்ளை தங்களை எந்த முறை சொல்லி அழைக்கிறதோ அதே முறை சொல்லித்தான் பெரியவர்களும் பிள்ளையை அழைப்பார்கள்; பெற்றவள் பிள்ளையை "அம்மா" என்றுதானே கூப்பிடுவாள், பாட்டிலும் அப்படியே வருகிறது. நானும் அவளை "வா அத்தை, சாப்பிடு அத்தை" என்றுதான் கூப்பிடுகிறேன்.

நேற்றுக் கதவு 'டோர்' ஆகிவிட்டது. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் கோழி.

இன்னொன்று கேட்க வேண்டும். போனில் உனக்குப் பின்னால் மஞ்சள் திரைச்சீலை ஒன்று புதிதாகத் தொங்குகிறது. நீ திரைச்சீலை வாங்குகிற ஆள் இல்லை. சிக்னல் நன்றாக இருக்கும்போது சொல்.

உன் நெஞ்சுக்கு இறைவன் நிம்மதி தரட்டும்.

அக்கா விஸால்.


இர்பித்,
மார்ச்.

அன்புத் தம்பி கஸ்வானுக்கு,

இந்தக் கடிதம் லயானின் கோட்டுக்குள் இருக்கிறது. உள்பையில் வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்து எடுத்துக்கொள். அவளை அழைத்துவரும் அகதிகள் அமைப்பின் பெண் நல்லவளாகத் தெரிகிறாள். விமானத்தில் காது வலித்தால் மெல்ல மிட்டாய் கொடுத்திருக்கிறேன்.

முதலில் விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பாலாடை பிடிக்காது, எடுத்துவிட்டுக் கொடு. வலது காதில் அடிக்கடி சீழ் வரும், குளிப்பாட்டும்போது பஞ்சு வை. கழிப்பறைக் கதவைச் சாத்தினால் பயப்படுவாள். இதையெல்லாம் ஹெலனிடமும் சொல். அந்தத் திரைச்சீலை யாருடையது என்று நீ சொன்ன அன்று நான் போனை வைத்துவிட்டதற்காக என்னைத் தப்பாக நினைக்காதே. கல்யாணமாகி ஆறு மாதமாகியும் அக்காவிடம் மறைத்தாயே என்றுதான் கோபம், நீ கல்யாணம் செய்ததற்காக இல்லை. தனியாக எத்தனை நாள் இருப்பாய்? அவள் முகத்தைப் பார்த்தால் கெட்டவளாகத் தெரியவில்லை.

லயானுக்கு நீ ஏன் அவ்வளவு அவசரமாக இங்கிலீஷ் கேட்டாய் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. உன் வீட்டில் பேசும் மொழி அதுதான்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி யாரும் அவளை ஊமை என்று சொல்ல முடியாது. பாட்டு முழுவதும் மாறிவிட்டது. கதவு போய், கோழி போய், பானை போய், நிலா போய், தூக்கமும் போயிற்று. "டோர் இஸ் ஸ்லீப்பிங், ஹென் இஸ் ஸ்லீப்பிங்" என்று நிஸ்ரீனின் மெட்டில் அவள் பாடினால் மிஸ் இப்திஸாமே வாயில் கைவைத்துக் கேட்கிறாள். மிஞ்சிய கடைசி வார்த்தையை மட்டும் நான் தொடவில்லை. "ஸ்லீப், அம்மா, ஸ்லீப்" என்றுதான் விட்டிருந்தேன். "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன அத்தை?" என்று நச்சரித்தாள். "இதுக்கு இல்ல" என்றேன். "எல்லாத்துக்கும் இருக்கு, இதுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?" என்றாள். பொய் சொல்லவில்லை, கஸ்வான். பெற்ற பிள்ளையை 'அம்மா' என்று கூப்பிட அந்த மொழியில் ஒரு வார்த்தை இருந்தால் நீயே சொல்.

விசா வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் போவதற்குள் பாட்டைப் பழையபடி திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "கதவு தூங்கிருச்சு" என்று தொடங்கினேன். தலையைத் தூக்கிப் பார்த்தாள். "தப்பாப் பாடுற அத்தை. கதவு இல்ல, டோர்" என்றாள். "இல்ல அத்தை, முதல்ல கதவுன்னுதான் இருந்துச்சு. உங்கம்மா அப்படித்தான் பாடுவா" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மடியிலிருந்து இறங்கி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு, "உனக்குத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கு. எங்கம்மா டோர்னுதான் பாடுவா" என்று அழுதாள்.

நான் மறுபடி முயலவில்லை. அவளிடம் இருந்த அம்மா அந்தக் குரல் மட்டும்தான். அதற்குள்ளும் நான்தான் புகுந்து வார்த்தையை மாற்றிவிட்டேன். இப்போது அவள் நினைவில் நிஸ்ரீன் இங்கிலீஷ் பாடுகிறாள். நிஸ்ரீனுக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதக்கூடத் தெரியாது. மாத்திரை உள்ளே போய்விட்டது, கிண்ணத்தில் லப்னே மிச்சமில்லை. நினைத்து நினைத்து அழுதேன், இனி அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய். போன் திரையில் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தீர்கள். லயான் பாட்டை முழுவதும் பாடிக் காட்டினாள். ஹெலன் கைதட்டினாள். நடுவில் நான் "மெதுவாப் பாடு அத்தை" என்றதற்கு நீ அர்த்தம் சொன்னதும், சின்னப் பிள்ளையைப் பெரியவள் ஏன் அத்தை என்கிறாள் என்று சிரித்தாள். லயானே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை அவளுக்கு விளக்கினாள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஹெலன் உன் பக்கம் திரும்பி, பாட்டில் வந்த 'அம்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். நீ 'மம்' என்றாய். உடனே அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிள்ளை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டாள். நீ திருத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நானும் திருத்தவில்லை. அந்த நேரத்தில் யாரால் திருத்த முடியும்?

லயான் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்கு ஆச்சரியம். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே "ஸ்லீப், மம், ஸ்லீப்" என்று பாடினாள். "பாத்தியா, இருக்குதானே? நீ இல்லைன்னியே" என்று என்னைக் கேலி செய்தாள். "ஆமா, எனக்குத்தான் தெரியல" என்றேன்.

ஆகவே பாட்டு முடிந்துவிட்டது. அதைக் காப்பாற்று என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நான் ஒரு வருஷமாவது கழித்து வந்து பார்ப்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உடன்பிறந்தவளுக்கு விசா இல்லை என்று அந்த அமைப்புக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள், அதை அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் போனில் நான் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரியும். பிறகு ஹெலனுக்குக் கேட்பது போல வெறும் சத்தமாகத்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அவளை எப்போதும் 'லயான்' என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறாய். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. அவளும் போனை வைத்த பிறகு, "அந்த மாமா எப்போ மறுபடி கூப்பிடுவார்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். உனக்கு வலிக்கும் என்று இதுவரை சொல்லவில்லை. நம் அப்பா நம்மை எப்படிக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பார். அடிக்கத் துரத்தும்போதுகூட "நில்லு அப்பா, ஓடாத அப்பா, விழுந்துடுவ அப்பா" என்பார். நீ சிரித்தே மாட்டிக்கொள்வாய்.

இனி 'அம்மா' என்று அவளைக் கூப்பிட யாரும் இல்லை. நாளைக் காலையோடு 'அத்தை' என்று கூப்பிடவும் யாரும் இல்லை. மீதி இருப்பது நீதான். விமான நிலையத்தில் அவள் நீலக் கோட்டில் வருவாள். உன்னை அடையாளம் தெரியாமல் நிற்பாள். ஹெலன் வாய் திறப்பதற்கு முன்னால் நீ கூப்பிடு. உனக்குக் கூச்சமாக இருக்கும், நாக்கு மரத்துப்போயிருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருந்தாலும் பெயர் சொல்லாதே. "வா அப்பா" என்று கூப்பிடு.

இறைவன் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றட்டும். கோட்டின் இரண்டாவது பொத்தான் தளர்வாக இருக்கிறது, நேரமில்லாமல் விட்டுவிட்டேன். தைத்துவிடு.

அக்கா விஸால்.