விக்கலுக்கு ஆங்கிலத்தில் என்ன

லப்பைக்குடிக்காடு
14.9.2003

அன்பு மகள் ஜுலைகாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை அல்தாபும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். வெள்ளாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, கடையில் கைலி வியாபாரமும் சுமார்தான். மழலையர் பள்ளி உதவியாளர் வேலைக்கு அடுத்த மாதம் உன்னை அழைத்துப் பேசப்போகிறார்கள் என்றும், அது கிடைக்காவிட்டால் வாடகை கட்டுப்படியாகாமல் உன்னை ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். பிள்ளைகளிடம் பேச உதவும் ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு அனுப்பச் சொன்னாய். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அன்றைக்கே பேனாவைத் திறந்தேன். துரோகத்துக்கு, நன்றிகெட்டதனத்துக்கு, வஞ்சத்துக்கெல்லாம் எனக்கு ஆங்கிலம் தெரிகிறது, விக்கலுக்குத் தெரியவில்லை. நாங்கள் படித்த புத்தகங்களில் ராஜாக்கள் வரிசையாகச் செத்தார்கள், ஒருவருக்கும் விக்கல் வரவில்லை.

நம் வீட்டு அகராதி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போவது, தமிழ் வார்த்தையை வைத்து அதில் தேட முடியாது. அதனால் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தேன். பர்ப் என்றால் ஏப்பம், க்ரம்ஸ் என்றால் தின்னும்போது சிந்தும் ரொட்டித் தூள். ஹிக்கப் கிடைத்த சந்தோஷத்தில், கைலி எடுக்க வந்த செல்லப்பனிடம் விக்கலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன், அவர் "தண்ணி குடிச்சா நின்னுடும் பாய்" என்றார். இட்ச் அரிப்பு, ஸ்னீஸ் தும்மல், டிக்கிள் கிச்சுகிச்சு மூட்டுவது. சல்க் என்றால் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று வாசித்துக் காட்டினேன், உன் அம்மா "ஒங்களுக்குன்னே ஒருத்தன் உக்காந்து செஞ்சிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசிப் பக்கம் வரை வந்தும் ஒன்று மட்டும் அகப்படவில்லை. சளி பிடித்த பிள்ளையிடம் மூக்கைச் சிந்து என்று எப்படிச் சொல்வது? தினமும் பத்துத் தடவை சொல்ல வேண்டிவருமே என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த ஊரில் கேட்பதற்கு ஒரே ஆள் என்னோடு படித்த குருநாதன்தான். எனக்கு வர வேண்டிய வாத்தியார் வேலையைக் பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள் அவருக்குக் கொடுத்த நாளிலிருந்து நான் அவர் வீட்டுப் படி ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்காக வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனேன். "வாங்க பாய், இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்றார், நான் உட்காராமலே கேட்டேன். அவர் மேலே பார்த்தார், மூக்கைத் தொட்டுப் பார்த்தார், பிறகு "எத்தனை வருசமா எட்டாப்பு எடுக்கிறேன், மூக்கச் சிந்துடான்னு தமிழ்லதான் திட்டியிருக்கேன், எனக்கும் தெரியலீங்களே" என்றார். எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி. வீடு வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது, அவருக்கும் தெரியாவிட்டால் உனக்கு யார் சொல்வார்கள் என்ற கவலைதான் மிச்சம்.

ஆகவே ஒன்று சொல்கிறேன் கேள். அங்கே தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டாதே. கைக்குட்டையைப் பிள்ளை மூக்கில் வைத்து நீயே மூச்சை விட்டுக் காட்டு, அது செய்துவிடும். பிறகு இதற்கு என்ன சொல்வீர்கள் என்று வகுப்பு டீச்சரம்மாவிடமே கேள். ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று கூசாதே, பிள்ளையைக் கவனிக்கத் தெரிந்தவள் என்றும் நினைக்கலாம். தஸ்தகீர் மகன் வரும் வெள்ளிக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறான், இந்தக் கடிதத்தோடு எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறோம்.

அல்லாஹ் உனக்கு அந்த வேலையை நசீபாக்கி, உன்னை மாப்பிள்ளையோடேயே வைப்பானாக. அந்த வார்த்தை தெரிந்ததும் முதலில் எனக்கு எழுது. குருநாதனிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக அவரோடு ராசியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அத்தா,
நஜீமுதீன்