கருவாட்டு எரு தீர்ந்த பிறகு

அடுத்த வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள். ஜன்னலை மூட எழுந்தவள் மூடாமலே உட்கார்ந்துவிட்டேன். இந்த வாசனை வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய், நான் என்ன செய்ய?

தொண்ணூறுகளின் கடைசி. ஒரே பள்ளியில் நீ தாவரவியல் டீச்சர், நான் வேதியியல். உன் எம்.பில். ஆய்வுக்குச் சதுரங்கப்பட்டினத்து மணல்மேடுதான் களம். வெறும் மணலில் முதலில் எந்தச் செடி வருகிறது, அது மக்கி மண்ணில் என்ன சேர்க்கிறது, அதை நம்பி அடுத்து எது வருகிறது என்பது உன் கேள்வி. மண் அள்ளுவது நீ, சோதிப்பது நான். சம்பளமில்லாத உத்தியோகம்.

எதைச் சொன்னாலும் "அதுக்கப்புறம் இன்னா?" என்பாய். ஸ்டாஃப் ரூமே அலுத்துக்கொள்ளும். திருநெல்வேலிக்காரி நான், "முதல்ல 'என்ன'ன்னு சொல்லப் படி" என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

கடலோரம் அடப்பங்கொடி, பின்னால் ராவணன் மீசை என்கிற முள்புல், அதற்கும் பின்னால் புதர்கள். உள்ளே போகப் போக மண்ணில் சத்து கூடியது. கடலை ஒட்டிய ஒரு திட்டு மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. கொடியும் கீரையுமாய்க் கொழுத்துக் கிடந்தது. சோதனைக் குழாயில் தழைச்சத்தின் நிறம் அப்படி ஏறியது. "இன்னாடி இது, வெறும் மணலு, இவ்ளோ சத்து எங்கேர்ந்து வந்துச்சி?" என்றாய். பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று பஜ்ஜி தின்று கொண்டாடினோம்.

சீசன் வந்ததும் பார்த்தால், அதே திட்டில் இரண்டு பெண்கள் நெத்திலி காய வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "வருசா வருசம் இங்கதாம்மா. கழிச்சதெல்லாம் இங்கியே கொட்டிடுவோம்."

மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆய்விலேயே நல்ல அத்தியாயம் அதுதான். அதை நீயே கிழித்துப் போட்டாய்.

பல வருஷம் கழித்து அவர்களுக்கு வேறிடத்தில் மீன் காய வைக்கச் சிமெண்ட் களம் வந்தது. திட்டில் எரு விழுவது நின்றது. உன் கேள்வி மட்டும் நிற்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டாய். "கருவாட்டு எரு தீந்துட்டா, அந்தப் பச்சை நிக்குமாடி? போய்ப் பாத்து சொல்லு."

நான் போவதற்குள் நீ போய்விட்டாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கழித்து, போன ஞாயிறுதான் அந்தத் திட்டுக்குப் போனேன். கீரை சுத்தமாக இல்லை. எருவுக்கு வந்தது, எருவோடு போய்விட்டது. கொடி இருக்கிறது, மெலிந்து, ஆனால் மணலை விடாமல். அதன் ஓரத்தில் கொழுஞ்சி முளைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் முடிச்சுகள், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற முடிச்சுகள். இனி யாரும் எதையும் கொட்ட வேண்டாம்.

"நிக்குதுடி, இங்க பாரு" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை. அழுதேன், மறைப்பானேன்.

அழுது முடித்துச் செடியைத் திரும்ப நட்டு, பாட்டில் தண்ணீரை அதற்கு ஊற்றினேன். ஊற்றும்போதே என் வாயிலிருந்து வந்தது: "சரி, அதுக்கப்புறம் இன்னா?"

'என்ன' என்று வரவில்லை.